ஜேசிபி வேணாம், முதல்ல பாஸ்பேட்டைப் புடிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க ஊரணியில ஆகாயத்தாமரை அள்ளுற போட்டோ போன வாரம் உங்க பேப்பர்ல பாத்தேன், சந்தோஷம்தான், ஆனா இது மூணாவது தடவை ஐயா. ஜேசிபி வந்து அள்ளிட்டுப் போகும், ரெண்டு மாசத்துல திரும்பவும் பச்சையா மூடிக்கும். எங்க அப்பச்சி காலத்துல வளவுல விழுந்த மழைத்தண்ணி ஓடி ஊரணிக்குப் போகும், இப்ப அதே வரத்துக்கால்ல கக்கூஸ் தண்ணியும் சோப்புத் தண்ணியும்தான் போகுது. அதுல இருக்கற பாஸ்பேட்ங்கற பாஸ்பரஸ் உப்புதான் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரம், 1 கிராம் பாஸ்பரஸ் கிடைச்சா காய்ஞ்ச எடையில 100 கிராம் பாசி வரைக்கும் வளரும்.

நான் ஒரு ஆலையில கழிவுநீர் பிளான்ட் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். அங்க பாஸ்பேட்டை எடுக்க பெரிக் குளோரைடுங்கற இரும்பு உப்புக் கரைசல் விடுவோம், கடுங்காப்பி கலர்ல இருக்கும், வேட்டியில பட்டா அந்தக் கறை போகவே போகாது. அதுல உள்ள இரும்பு பாஸ்பேட்டோட சேந்து கரையாத தூளாகி டேங்க் அடியில உக்காந்துரும். கணக்குப்படி 1 கிலோ பாஸ்பரஸுக்கு 1.8 கிலோ இரும்பு போதும், ஆனா கொஞ்சம் இரும்பு சும்மா துருச்சேறாவே போயிடும்ங்கறதால ஒண்ணரை, ரெண்டு மடங்கு விடவேண்டி வரும், அதுக்குத்தான் பீக்கர்ல வேற வேற அளவு ஊத்திக் கலக்கிப் பாத்துட்டு அப்புறம் மெயின் டேங்க்ல விடுவோம். கூடப் போச்சுன்னா பிஎச் இறங்கி தண்ணியில அமிலத்தன்மை ஏறிரும், சேறும் கூடும், அந்தச் சேத்தை எங்க கொட்டறதுங்கறதுதான் பெரிய தலைவலி.

நம்ம செம்மண்ணுல சூப்பர் பாஸ்பேட் போட்டா பயிருக்குக் கொடுக்காம மண்ணே புடிச்சு வச்சிக்குதுன்னு சம்சாரிங்க புலம்புவாங்கல்ல, அங்கயும் இதே இரும்பு வேலைதான்.

இன்னொண்ணு, அன்னபேதி, அதுவும் ஒரு இரும்பு உப்புதான், அந்த மூட்டையைக் கொண்டாந்து நேரா ஊரணியில கொட்டிரலாம்னு எங்க தெருவுல ஒருத்தர் சொல்றாரு. தயவுசெஞ்சு வேணாம். அடிச்சேத்துல காத்து இல்லாமப் போனா இரும்பு திரும்பக் கரைஞ்சு, புடிச்ச பாஸ்பேட்டையும் விட்டுரும், அப்புறம் பழைய கதைதான். சாக்கடையை ஊரணிக்கு வரவிடாம தடுக்கணும், முடியலன்னா வழியிலயே ஒரு தொட்டி கட்டி சுத்தம் பண்ணி, சேத்தைத் தனியா எடுத்துட்டு விடணும்.

கெமிக்கல் வாங்காம இரும்புத் தகட்டுல கரண்ட் விட்டு அந்த இரும்பையே தண்ணியில கரைச்சு பாஸ்பேட்டைப் புடிக்கற முறையும் இருக்கு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லேருந்து நம்ம காரைக்குடியிலதான இருக்கு, ஒரு எட்டு போயி கேட்டா என்ன?

அடுத்த ஜேசிபி பில்லு போடறதுக்கு முன்னாடி, வரத்துக்கால் தண்ணியில ஒரு பாட்டில் புடிச்சு பாஸ்பேட் டெஸ்ட் பண்ணி அந்த நம்பரை போர்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
காரைக்குடி பக்கத்து வாசகன்