பாங்லா வீதிப் பெண்களின் முகங்களை அச்சிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் தாய்லாந்தின் புக்கெட் தீவைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையைவிட அதனுடன் அரைப்பக்க அளவில் அச்சாகியிருந்த புகைப்படமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. படோங் கடற்கரையை ஒட்டிய பாங்லா வீதியில் ஒரு மதுக்கூடத்தின் வாசலில் நிற்கும் நான்கு பெண்களின் முகங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அவர்களிடம் அனுமதி கேட்டதாகக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நிறுவனங்கள் தங்கள் விற்பனை முகவர்களுக்குப் பரிசாக வழங்கும் சுற்றுலாக்களைக் கோவையிலிருந்து பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில், கேட்டிருந்தால் அவர்களில் ஒருவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த வீதியைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது விளக்கொளியையும் இசையையும் மட்டுமே. மாலையில் வாகனங்களை நிறுத்தித் தடுப்பு வைப்பதற்கு முன்பாகவே அங்கு வேலை தொடங்கிவிடுகிறது. மதுக்கூடத்துக்கு வரும் பெண்கள் முதலில் செய்வது, வாடிக்கையாளரைக் கையசைத்து அழைக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கும் நாங் க்வாக் என்ற வணிக தெய்வத்தின் சிறு சிலைக்கு மாலை சாத்தி, சிவப்பு நிறக் குளிர்பானத்தில் உறிஞ்சுகுழல் செருகிப் படைத்துக் கும்பிடுவதுதான். பிறகு உணவு, ஒப்பனை. வாடிக்கையாளர் வந்து அமர்ந்ததும், நிற்கும் பலகையின் துளைகளில் வட்டுகளைப் போட்டு நான்கை வரிசையாகச் சேர்க்கும் விளையாட்டை எடுத்து வைத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். அவர் குடிப்பதற்கான சீட்டுகளும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கும் பானத்துக்கான சீட்டுகளும் அவருக்கு முன்னால் உள்ள ஒரு குவளையில் சேர்ந்துகொண்டே இருக்கும். பெண்ணுக்கு வாங்கும் பானத்தின் விலை கூடுதல். அதில் ஒரு பங்கு அவளுக்குக் கிடைக்கும். அவளை வெளியே அழைத்துச் செல்ல விரும்புபவர் 'பார் ஃபைன்' என்ற கட்டணத்தை மதுக்கூடத்துக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். அதற்குப் பின் இருவரும் பேசி முடிவு செய்யும் தொகைதான் அவளுடைய முதன்மையான வருமானம். பல கூடங்களில் மாதத்துக்கு இத்தனை பானம் என்று இலக்கு உண்டு. எட்டாவிட்டாலும், நேரம் கழித்து வந்தாலும், சொல்லாமல் விடுப்பு எடுத்தாலும் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள்.

இப்பெண்களில் பெரும்பாலோர் தீவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், இசான் எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் நெல் விளையும் வறண்ட கிராமங்களிலிருந்து வருகிறார்கள். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தாய்மார்கள் அவர்களில் பலர். ஓட்டலில் வேலை, உணவகத்தில் வேலை என்றுதான் ஊரில் சொல்லியிருப்பார்கள். ஊரிலும் பலர் ஊகித்திருப்பார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதால்தான் அந்தப் பெண் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் விகாரையில் எல்லோரோடும் அமர முடிகிறது. முகம் தெரியும் ஒரு புகைப்படம் அந்த இடத்தை அவளிடமிருந்து பறித்துவிடும். தமிழ் இதழ் இசானில் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்கலாம். தங்கள் இணையப் பதிப்பிலிருந்து எடுத்த படத்துக்கு மொழி தேவையில்லை.

இதே வீதியில் இறகு அணிந்த ஒப்பனையுடன் நிற்கும் திருநங்கைக் கலைஞர்கள் தாங்களே அழைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு தொகையும் கேட்பார்கள். அது அவர்களுடைய தொழில். அங்கே சம்மதமும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது. என் குழுவினரில் சிலர் அதைக் காட்டி, "அவர்களை எடுக்கலாம், இவர்களை ஏன் எடுக்கக் கூடாது?" என்று என்னிடம் வாதாடியதுண்டு. மதுக்கூட வாசலில் கைப்பேசியைத் தூக்கியவுடன் பெண்கள் விசிறியாலும் கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்புவதைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்பது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. தாய்லாந்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜூனிலிருந்து முழுமையாக நடைமுறையில் உள்ளது என்பதையும் பயணக் காணொளி எடுப்போர் அறிந்திருக்க வேண்டும்.

இத்தொழிலைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பதையும் கட்டுரை தொடவில்லை. தாய்லாந்தில் பாலியல் தொழில் 1960 முதல் சட்டவிரோதம். ஆயினும் 1966இல் வந்த கேளிக்கை இடங்கள் சட்டம் மதுக்கூடங்களுக்கும் மசாஜ் நிலையங்களுக்கும் உரிமம் பெறும் வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டே, வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வுக்காகத் தாய்லாந்து வர உடன்பாடு ஏற்பட்டது. போர் முடிந்து வீரர்கள் போனார்கள். அவர்களுக்காக வளர்ந்த தொழில் சுற்றுலாப் பயணிகளை நம்பித் தொடர்ந்தது. இப்போது நடைமுறையில் உள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைக்கும் பெண்ணுக்கு 1,000 பாட் வரை அபராதம் விதிக்கலாம். தன் விருப்பத்தோடு வரும் வயதுவந்த பெண்ணுக்குப் பணம் கொடுக்கும் ஆணுக்கு அதே சட்டத்தில் தண்டனை இல்லை. ஆகவே, இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் அவளுக்கு எதிராக மட்டுமே பயன்பட முடியும். அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் காவல்துறைப் பதிவில் பெயர் ஏறிவிடும் என்று அஞ்சியே, அடி வாங்கினாலும் பணம் கொடுக்காமல் ஏமாற்றப்பட்டாலும் அவள் காவல் நிலையப் படியேறத் தயங்குகிறாள்.

அரசுக்கு இத்தொழில் தெரியாததும் அல்ல. எய்ட்ஸ் பரவிய காலத்தில், 1991 முதல் நாடு முழுவதும் பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறையைக் கட்டாயமாக்கும் திட்டத்தைத் தாய்லாந்து அரசே நடத்தியது. அந்த ஆண்டில் ஏறத்தாழ 1,43,000 ஆக இருந்த புதிய எச்ஐவி தொற்று 2003இல் 19,000 ஆகக் குறைந்தது. உலக நாடுகள் பாராட்டிய அந்த வெற்றியில், வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேசிய ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 2020இல் கொரோனாவால் மதுக்கூடங்கள் மூடப்பட்டபோது, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 பாட் என்று அறிவிக்கப்பட்ட உதவி அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. தாங்கள் செய்யும் வேலையைப் படிவத்தில் எழுத அவர்களுக்கு வழி இல்லை. 1985 முதல் இயங்கிவரும் 'எம்பவர்' என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பினர் 2021இல் பாங்காக்கில் அரசுத் தலைமையகத்தின் முன்னால் குதிகால் உயர்ந்த செருப்புகளை வரிசையாக வைத்துத் தங்கள் கோரிக்கையை முன்வைத்தார்கள். தண்டிக்கும் சட்டத்தை நீக்கிவிட்டுத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பைத் தங்களுக்கும் தரவேண்டும் என்பதே அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இப்படி எழுதுவதால், கட்டாயப்படுத்தப்படும் பெண்களை நான் மறந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். 1984இல் இதே புக்கெட்டில் ஒரு பாலியல் தொழில் விடுதி தீப்பற்றியபோது, வெளியேற முடியாதபடி உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் கருகி இறந்தார்கள். பூட்டி வைப்பவரையும், தரகரையும், சிறுமியரைத் தேடி வருபவரையும் சட்டம் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரிடம் செல்லும் வாடிக்கையாளருக்குத் தாய்லாந்துச் சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கு இங்கேயும் வழக்குத் தொடர நம் சட்டம் இடம் தருகிறது. புறப்படும் முன் நடத்தும் கூட்டத்தில் இதை ஒவ்வொரு குழுவுக்கும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. அப்படிச் சிரிப்பவர்களுக்காகவே மறுபடியும் சொல்கிறேன். பேசிய பணத்தைக் குறைக்காதீர்கள், மறுத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2023 நவம்பரிலிருந்து இந்தியருக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்தபின் அங்கு செல்வோர் பெருகி, 2024இல் மட்டும் 20 லட்சத்தைக் கடந்துவிட்டார்கள். அதனால் இந்தப் பொறுப்பு நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

தங்களுக்கு நினைவிருக்கும்: 2022 மே மாதத்தில் நம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களின் கண்ணியம் குறித்து ஆணை பிறப்பித்தபோது, கைது, சோதனை, மீட்பு நடவடிக்கைகளைப் பற்றிய செய்திகளில் அவர்களுடைய அடையாளம் வெளிப்படாதபடி ஊடகங்கள் மிகுந்த கவனம் காட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியது. சென்னையில் நடந்த ஒரு சோதனையைப் பற்றித் தாங்கள் செய்தி வெளியிட்டால் அந்தப் பெண்களின் முகத்தை மறைத்துத்தான் அச்சிடுவீர்கள். படோங்கில் நிற்கும் பெண்ணுக்கும் அதே மரியாதையை அளிக்க எந்த நீதிமன்றமும் ஆணையிட வேண்டியதில்லை. ஆகவே அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து உடனே நீக்குமாறும், இக்கடிதத்தை வெளியிடும் பட்சத்தில் சான்றுக்காகக்கூட அதை மறுபடி அச்சிடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இனி அத்தீவைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியாளரை மாலை ஐந்து மணிக்கு, அந்தப் பெண்கள் பேசுவதற்கு ஓய்வாக இருக்கும் நேரத்தில் அனுப்புங்கள். அவர்களுடைய சம்பளப் பிடித்தங்களையும் வீட்டுக்கு அனுப்பும் தொகையையும் எழுதுங்கள். பெயரும் முகமும் இல்லாமலே அதை முழுமையாக எழுத முடியும்.

மற்றொன்று விளம்பரம் பற்றியது. 'ஆண்களுக்கு மட்டும்' என்று பெண்களின் படங்களோடு வரும் சுற்றுலா விளம்பரங்களைத் தங்கள் வகுப்புவாரி விளம்பரப் பக்கங்களில் தொடர்ந்து காண்கிறேன். என் போட்டியாளர்கள் மீது உள்ள பொறாமையால் எழுதுவதாகக் கருத வேண்டாம். இத்தகைய படத்தைக் கேட்டு என்னிடமும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அந்தப் படங்கள் யாருடையவை, எப்படிப் பெறப்பட்டவை என்று எழுத்து மூலம் விளக்கம் பெற்ற பின்னரே அவற்றை ஏற்குமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அப்பிரிவின் மேலாளருக்கும் இக்கடிதத்தின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சுற்றுலா அமைப்பாளர்,
கோயம்புத்தூர்.