கடைசி வரியில் போடும் பகுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விக்கிப்பீடியா என்றாலே எத்தனை கட்டுரை சேர்ந்தது என்ற கணக்கைத்தான் பேசுகிறோம். சேர்ந்ததைத் தேடி எடுக்க முடிகிறதா என்று கேட்பவர் குறைவு. நேரம் கிடைக்கும்போது அங்கே பகுப்புகளைச் சரிபார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் பெயர்கள் கட்டுரையின் அடியில் சிறு எழுத்தில் வரிசையாக நிற்குமே, அதுதான் பகுப்பு. எழுதி முடித்த களைப்பில் கடைசியாகப் போடுவது. ஒருவர் 'எழுத்தாளர்கள்' என்று போட்டுவிட்டுப் போவார். அடுத்தவர் '20ஆம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர்கள்' என்று புதிதாக ஒன்றைத் திறப்பார். நாடு, நூற்றாண்டு, பாலினம், தொழில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டால் பகுப்புகள் பெருகிக்கொண்டேதான் போகும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டே கட்டுரை இருக்கும்.

2013இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இது பெரிய சண்டையாகவே வெடித்தது. 'அமெரிக்க நாவலாசிரியர்கள்' பகுப்பிலிருந்த பெண்களை ஒவ்வொருவராக எடுத்து, பெண்களுக்கென்று இருந்த உட்பகுப்பில் போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் மேலே ஆண்கள் மட்டும்தான் மிஞ்சியிருப்பார்கள். பட்டியல் நீளுகிறதே, பிரிப்போம் என்று தொடங்கிய வேலைதான்; வந்து நின்ற இடம் அது.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இந்தச் சிக்கலை அப்போதே யோசித்திருக்கிறது. ஒரு நூலை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது என்று தவிக்காமல், பொருள், இடம், காலம் என அதன் முகங்களைத் தனித்தனியே குறித்துவிட்டுப் பிறகு கோத்துக்கொள்வது. பகுப்புகளையும் அப்படித் தனித்தனியாக வைத்தால் போதும், கோக்கிற வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டு பகுப்புகளுக்கும் பொதுவான கட்டுரைகளை எடுத்துத் தர பெட்ஸ்கேன் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது தொகுப்பவர்களுக்குள் புழங்கும் சமாச்சாரம். வாசகருக்கு அந்த வசதி கட்டுரைப் பக்கத்திலேயே வேண்டும். இன்றைய நிலையில், கைப்பேசியில் புகுபதிகை (லாகின்) செய்யாமல் படிப்பவர் கண்ணில் பகுப்பே படுவதில்லை!

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பகுப்புக்குள் கட்டுரைகள் அகர வரிசையில் நிற்கும். வரிசைப்படுத்துவதற்கான பெயரைத் தனியே கொடுக்காவிட்டால், கு. அழகிரிசாமி 'அ'வில் வராமல் இனிஷியலோடு ககர வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். கட்டுரையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதைச் சேர்த்துவிடுங்கள்; 'அ'வில் தேடித் தேடி அலுத்துப்போனவன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்