ஒயின் பட்டியலைப் பார்த்து வேலூர்க்காரர்கள் மிரள வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பயணத்தில் உயர்தர உணவகங்களில் சாப்பிடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிளாஸை எப்படிப் பிடிப்பது, எந்த பாட்டில் என்ன விலை என்றெல்லாம் நீட்டி எழுதியவர், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் ஏன் ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லவே இல்லை. அதுதானே விஷயம்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து தோல் வியாபாரமாக இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன், அதனால்தான் எழுதுகிறேன்.

சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தருவது டானின். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்குகிறது. நம் டேனரிகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்களே, அவற்றில் வேலை செய்வதும் டானின்தான். அங்கே தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது, இங்கே எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து வாயை வறட்டுகிறது. கொழுப்புள்ள இறைச்சியை மென்றுகொண்டு குடித்தால் டானின் இறைச்சியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும்.

இத்தாலியின் டஸ்கனியில் ஆர்னோ ஆற்றோரம் இருக்கும் சாந்தா குரோச்சேயும் பட்டையில் தோல் பதனிடுவதற்குப் பேர்போன ஊர்தான். அங்கே வேலையாகப் போகிறவர்கள் பக்கத்து புளோரன்ஸில் ஒரு வேளை பிஸ்டெக்கா சாப்பிட்டுப் பாருங்கள். தடித்த மாட்டிறைச்சித் துண்டைக் கரி நெருப்பில் சுட்டு, நடுவில் சிவப்பாகவே விட்டு, எடைக்கணக்கில் விற்பார்கள், மசாலா எதுவும் கிடையாது. கூடவே அந்த மண்ணின் சிவப்பு ஒயினான கியாந்தி. முதலில் வெறும் வாயில் ஒரு மடக்கு, அப்புறம் இறைச்சியோடு ஒரு மடக்கு. அதே ஒயின்தானா என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பெரிய பாட்டில் வேண்டாம், கடை ஒயினைக் கால் லிட்டர், அரை லிட்டர் குவளையில் தருவார்கள். பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும், மேஜைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம் அது, சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் அதே கியாந்தியை இந்திய உணவகத்தில் காரமான மட்டன் குழம்போடு கேட்காதீர்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும், டானின் கசக்கும். காரத்துக்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் நல்லது. அதிலும் காபினெட் வகையில் லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் இருக்கும், ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். ஆம்பூர் பிரியாணிக்குப் புளிப்புக் கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் வைத்துச் சாப்பிடுகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாததா என்ன?

பல வகை கொண்ட விருந்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஒயின் என்று ஊற்றுவார்கள். அளவு சின்னதுதான், ஆனால் ஏழெட்டு கிளாஸ் சேர்ந்தால் மறுநாள் காலை வியாபாரப் பேச்சு போச்சு. பாதி அளவு போதும் என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து வியாபாரிகளில் மதுவையே தொடாதவர்கள் ஏராளம். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். பழச்சாறு, தேநீர், புளிக்கவைத்த பானங்கள் என்று ஒவ்வொரு வகைக்கும் மதுவில்லாத ஜோடி தருகிற பெரிய உணவகங்கள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன, மேஜை முன்பதிவு செய்யும்போதே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். அதைப் பற்றி விவரமாக ஒரு கட்டுரை போடுங்கள்.

— தோல் துறை வாசகர், வேலூர்