இழுக்கிற காரும் பார்க்காத கராஜும்

ஆசிரியருக்கு,

என் கார் காங்கேசன்துறை வீதியில் இடப்பக்கம் இழுத்தது. ஒரு கராஜில் ஓடிக்கூடப் பார்க்காமல் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது) என்று காசு வாங்கினார்கள், இழுவை அப்படியே. பிறகு நானே முன் ரயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட, இழுவை வலப்பக்கம் போய்விட்டது, அப்ப பிழை ரயரில்தானே! (சுழல வேண்டிய திசைக்கு அம்புக்குறி போட்ட ரயரை இப்படி மாற்றக்கூடாது.) அதற்கும் முதல், ரயர் சூடேறமுன் காற்றை அளக்க வேணும், ஒன்றில் குறைந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் விடாமல் இறுகியிருந்தால், ஓடி இறங்கும்போது அந்தச் சில்லில் மட்டும் அனல் அடிக்கும். தெரு ஓரத்துக்குச் சரிவதால் சாடையாக இடப்பக்கம் போவது பிழையே இல்லை. இதெல்லாம் பார்க்காமல் பில் எழுதுவது என்ன நியாயம்?

வாசகர் ஒருவர்,
கொக்குவில்