வலசைக் குருவிகள் இங்கே முட்டையிட வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் தொடங்கியதும் வலசைப் பறவைகளின் வருகையைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் தவறாமல் படத்துடன் வெளியிட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. அண்மையில் வெளியான அத்தகைய செய்தியொன்றில், ‘சைபீரியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து இனப்பெருக்கத்துக்காக வந்துள்ள பறவைகள்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். சைபீரியா தனி நாடு அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘இனப்பெருக்கத்துக்காக’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேடந்தாங்கலில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இத்துணைக்கண்டத்துப் பறவைகளே. வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை அதே ஏரியில் இரைதேடிவிட்டு, கூடு எதுவும் கட்டாமலே திரும்பிப் போகின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் பார்ப்பதால் இரண்டுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குழப்பத்தால் பெரிய நீர்ப்பறவைகளுக்கு வரும் கேட்டைவிட, வீட்டு வேலிகளில் வந்து ஒண்டும் சிறு பாடும் பறவைகளுக்கு வரும் கேடு அதிகம் என்பது என் கருத்து.

எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டின் பின்புறம் ஒரு மருதாணிப் புதர் இருக்கிறது. அதற்குள் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி கடைசியில் ‘டக்... டக்...’ என்று இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கத் தொடங்கும். பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று பறவை நோக்குவோர் அழைக்கும் இந்த மங்கிய பழுப்பு நிறக் குருவியின் எடை ஏறத்தாழ பன்னிரண்டு கிராம். பெயரில்தான் நாணல் இருக்கிறதே தவிர, இது எந்நேரமும் புதரின் உள்கிளைகளில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். கண்ணில் படுவது அபூர்வம். இதன் இனம் கூடு கட்டுவது பின்லாந்திலும் ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும், அங்கு கோடை நிலவும் மாதங்களில்.

இங்கே ஏன் கூடு கட்டுவதில்லை என்பதற்கான விடை 1920களிலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியல் ஆய்வாளர், ஜங்கோ என்னும் சிறு குருவிகளை உறைபனிக் காலத்தில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மின்விளக்கால் அவற்றின் பகற்பொழுதை நாள்தோறும் சில நிமிடங்கள் நீட்டிக்கொண்டே போனார். வெளியே கடுங்குளிர் நிலவியபோதும் விளக்கொளி பெற்ற ஆண் குருவிகளின் விரைகள் வசந்த காலத்தில் வளர்வதைப் போலவே வளர்ந்தன. விளக்கில்லாத கூண்டில் இருந்தவற்றுக்கு அவை சுருங்கியே கிடந்தன. குளிரோ வெப்பமோ அன்றி, நாளின் நீளமே இனப்பெருக்கத்துக்கான முதன்மைத் தூண்டுகோல் என்பதை இந்தச் சோதனை காட்டிற்று. ஜூன் மாதத்தில் தெற்குப் பின்லாந்தின் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். அம்பாசமுத்திரத்தின் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். என் மருதாணிப் புதரில் இருக்கும் குருவிக்கு, முட்டையிடுவதற்கான உடல்நிலையே அப்போது கிடையாது.

அப்படியானால் அரையாண்டுக்கும் மேலாக அது இங்கே என்ன செய்கிறது? பக்கத்திலிருக்கும் முண்டந்துறையில், குளிர்காலத்தைக் கழிக்க வரும் இலைக் கதிர்க்குருவிகளைப் பற்றி 1990களில் மதுசூதன் கட்டி என்ற பறவை ஆய்வாளர் ஆய்வு செய்தார். எட்டு கிராம் எடையுள்ள அக்குருவிகள், ஆணாயினும் பெண்ணாயினும், தனித்தனியே எல்லை வகுத்துக்கொண்டு, அந்த எல்லையைக் குரல் கொடுத்தே காத்து வந்தன. காட்டில் ஓரிடத்தில் கிடைக்கும் பூச்சிகள் இத்தனை குருவிகளுக்குத்தான் போதும் என்ற நிலை இருப்பதால், ஒன்றின் இடத்துக்குள் இன்னொன்று எளிதில் நுழைய முடிவதில்லை. கூடு இல்லை என்பதற்காக அந்த மரம் யாருக்கும் உரியதல்ல என்று ஆகிவிடாது.

இனப்பெருக்கச் செய்திதான் வாசகர்களை ஈர்க்கும் என்றால் அதற்கும் இங்கேயே பொருள் உண்டு. மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் 1930இல் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துவதையும், பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே அதை முடிப்பதையும், முடித்த கையோடு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் அவர் கண்டறிந்தார். மழை பெய்து புல்லும் நெல்லும் ஓங்கும் நாள்களில் நம் ஊர்ப் பனைகளில் இன்றும் இது நடக்கிறது. அதைப் படமெடுக்க எந்தச் செய்தியாளரும் வந்து நான் பார்த்ததில்லை.

சென்ற ஐப்பசியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மனையின் வேலிப்புதர்களை ஒரே காலையில் வெட்டி அகற்றினார்கள். “வெளிநாட்டுக் குருவிங்க இருக்கிற இடமாச்சே, சித்திரை வரைக்கும் விட்டிருக்கலாமே” என்று கேட்டேன். “கூடு ஒண்ணும் இல்லையே சார், பாத்துட்டுத்தான் வெட்டினோம்” என்றார் வேலையை மேற்பார்த்தவர். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. முட்டையிடத்தான் பறவை வருகிறது என்று செய்தியில் படித்தவர், கூடு இருக்கிறதா என்று பார்த்ததே பெரிது. அன்று மாலை எங்கள் மருதாணிக்குள் இரண்டு குரல்கள் கேட்டன. மறுநாளும் புதருக்குள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ஒரு குரல்தான் இருந்தது.

ஆகவே, அடுத்த முறை வலசை பற்றிய செய்தி வரும்போது ‘குளிர்காலத்தைக் கழிக்க வந்துள்ள பறவைகள்’ என்று எழுதுமாறும், ஏரிகளோடு வேலிகளையும் தோப்புகளையும் அவற்றின் தங்குமிடமாகக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வனத்துறை நிலப்பறவைகளையும் கணக்கெடுக்கிறது. அந்த நாளில் ஒரு செய்தியாளரை அனுப்பினால் நாணல் கதிர்க்குருவியின் குரலையாவது கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.