என் மனம் புண்பட்டதா என்று என்னிடம் கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் 1987 முதல் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பாவுக்குக் கடை கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் முடிவெட்டியவர். வெட்டுக்கூலி சம்பள நாளில்தான் கிடைக்கும். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக அவரைக் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் அவருக்குக் கடைசிப் பந்தி.

போன மாதம் எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் ஒன்றுகூடல் நடந்தது. தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயங்களை இடித்துப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறை தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் கூடி ஒன்றாகச் சாப்பிடுவோம். இந்த முறை பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் பேசினாள். எல்லாம் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்த கதைகள். இருட்டோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றது, ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனது என்று அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்புறம், “அம்பட்டன் வந்தால் பின்வாசலுக்கு வரச் சொல்வோம், காலிப் பால் டின்னில்தான் காப்பி ஊற்றுவோம் என்று பாட்டி சொன்னார்” என்றாள். அதோடு சரி. ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்து மைக்கை நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் இருந்த என்னைக் காட்டி, “அவர் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, மனம் புண்படாதா?” என்று அவளைத் திட்டினார். பிள்ளை அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

அந்தப் பால் டின்னை எனக்குத் தெரியும். சில வீடுகளில் அதைக் கொல்லைப்புறக் கூரைத் தகர இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். அப்பாவே எடுத்து, குடித்து, கழுவி, மறுபடி செருகிவிட்டு வர வேண்டும். கூடவே பெட்டி தூக்கிப் போன பையன் நான். அறுபதைத் தாண்டிய பிறகுதான், அதை ஒரு மேடையில் ஒருவர் சொல்லக் கேட்கிறேன். அதுவும் அந்த டின்னில் ஊற்றிக் கொடுத்த வீட்டுப் பேத்தி சொல்கிறாள். எனக்கு நெஞ்சை அடைத்தது உண்மைதான். ஆனால் மிச்சத்தையும் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். என் பெயரைச் சொல்லி அன்று மறைத்தது, அவர்கள் வீட்டு டின்னைத்தான்.

மறுநாளே வாட்ஸ்அப்பில் அவள் சமுதாயத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் போலீசில் புகார் செய்துவிட்டதாகப் படம் போட்டார். இன்னொருவர், இணையத்தில் பிறரைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233-ஆவது பிரிவு என்று எழுதினார். 2025 பிப்ரவரியிலிருந்து அந்தப் பிரிவின் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளி ஆகியிருக்கிறது. பாட்டி கதை சொன்ன இருபது வயதுப் பிள்ளையிடம் காட்டுகிற சட்டமா இது?

2011-இல் ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடமானபோது நானும் கோபப்பட்டவன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். படித்தவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. எங்கள் பேராக்கில் அது பாடநூலும் இல்லை. சிலாங்கூரில் இருந்தது. கிள்ளானிலிருந்த அக்கா மகளிடம் வாங்கி, எனக்குத் தெரிந்த மலாயில் மெல்ல மெல்லப் படித்தேன். கப்பலில் வந்த நம் ஆட்கள் எல்லாருமே பறையர் என்பதுபோல் ஒரு வரி. அது தப்பு, எழுதியவர் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டார் என்று இன்றும் சொல்வேன். ஆனால் நம்மில் பலர் தப்பு என்று சொல்லவில்லை. “எங்களைப் போய் அந்தச் சாதி என்பதா?” என்றுதான் குமுறினார்கள். அந்தச் சாதியில் பிறந்தவர் ஒருவர் அன்று என் நாற்காலியில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. அந்த ஆண்டு டிசம்பரில் புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். நமக்கு வெற்றி என்றார்கள். சாதி அப்படியே இருந்தது. ஐயா, உங்கள் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரங்களில்கூட ‘அதே இனம்’ என்று இன்னும் வருகிறது. அதற்காக யாரும் போலீசுக்குப் போனதாக நான் கேட்டதில்லை.

யார் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கார் நிறுத்துகிற தகராறில் ஒருவர் ‘அம்பட்டன்’ என்ற அதே சொல்லை என் மகன் முகத்தில் எறிந்தார். அந்தச் சொல்லால் அவனை மிதிக்கப் பார்த்தார். மண்டபத்தில் அந்தப் பெண் சொன்னது நடந்ததை. 2024 ஜூலையில் டிக்டாக்கில் விடாமல் வதைக்கப்பட்ட நம் பெண் ஒருத்தி உயிரை விட்டாள். வதைத்தவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அன்றிருந்த சிறு குற்றச் சட்டத்தில் அதற்குமேல் இடமில்லை. பகடிவதைக்கென்று குற்றவியல் சட்டத்தில் புதிய பிரிவுகள் 2025 ஜூலையில்தான் வந்தன. அதை மனதார வரவேற்கிறேன். ஒரு ஆளைத் துரத்தித் துரத்திக் கடிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். பழைய கதையைச் சொல்கிறவர் வாயை அடைக்க அல்ல.

எங்களுக்கு வாயை மூடுவது பழகிப்போன ஒன்று. 1948 ஜூன் 16-இல் எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது. அரசை எதிர்த்துப் பேசினால் தண்டிக்கும் தேச நிந்தனைச் சட்டமும் அந்த ஆண்டுதான் வந்தது. அப்பாவுக்கு அப்போது 18 வயது. “முடிவெட்டும்போது கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்கணும்” என்பார். நான் கடை திறந்த வருடம் அக்டோபரில் ஒப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை நடந்தது. நூறு பேருக்கு மேல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் உள்ளே போனார்கள். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனது. பயந்துபோய், ‘அரசியல், சாதி, மதம் பேசாதீர்கள்’ என்று அட்டையில் எழுதிக் கண்ணாடிக்கு மேல் மாட்டினேன். 2012-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். என் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றுகூடல் முடிந்த வாரம் அந்தப் பெண் தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். “மாமா, என் மேல் கோபமா?” என்றாள். பாட்டி அந்த டின்னைப் பற்றி வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் கையால் அதில் ஊற்றியதை நினைத்துப் பாட்டி பின்னாளில் அழுவாராம். மைக்கை நிறுத்தியதால் மண்டபத்தில் யாரும் கேட்காமல் போனது இதைத்தான்.

அவள் மேல் புகார் செய்தவர் அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று இந்தக் கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். புண்பட்டவன் என்று காட்டப்பட்ட ஆள் நான்தான். எனக்கு அவள் மேல் எந்தக் குறையும் இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. வருகிற திங்கள் மாலை ஐந்து மணிக்கு அவள் விட்ட இடத்திலிருந்து கடையில் பேசுகிறாள். மைக்கை நிறுத்தியவரையும் நேரில் போய் அழைத்துவிட்டேன். அப்பாவின் தகரப் பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். அந்த அட்டையைக் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
முடி திருத்தும் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.