ஆலயச் செயலவையினருக்கு: ‘குறைந்தபட்சத் தொகை’ பற்றி ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ஆலயங்களின் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

தோட்டத்து அலுவலகத்தில் 26 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான். அன்று சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து கணக்குக் கேட்டவர்களின் பிள்ளைகள், இன்று கடன் பற்று அட்டையின் (கிரெடிட் கார்டின்) மாத அறிக்கையோடு வருகிறார்கள். “மாதம் தவறாமல் கட்டுகிறேன் ஐயா, கடன்தான் குறையவில்லை” என்பார்கள். கட்டியதைப் பார்த்தால் அறிக்கையிலுள்ள குறைந்தபட்சத் தொகை மட்டுமே இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் தளவாடத்துக்கும் தவணை கட்டிப் பழகியவர்கள் இதையும் தவணை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தவணைக்கு முடியும் நாள் உண்டு, இதற்கு அப்படி எந்த நாளும் குறிக்கப்படுவதில்லை.

3,000 வெள்ளி (ரிங்கிட்) கடனுக்குக் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் அதில் 45 வெள்ளி அந்த மாத வட்டிக்கே போய்விடும். கடன் குறையக் குறைய அந்தத் தொகையும் குறைவதால், புதிதாக எதுவும் வாங்காமல் அதை மட்டும் கட்டிவருபவருக்கு ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகும் பாதிக்கு மேல் கடன் நிற்கும். முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் கட்டுபவருக்கோ, வாங்கிய பொருளுக்கு வட்டியே இல்லை. அட்டையில் ரொக்கம் எடுப்பது வேறு. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனி.

ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இருந்தாலே அட்டை கிடைக்கும். 36,000 வெள்ளிக்கு மேற்படாதவர் இரண்டு நிறுவனங்களிடம் மட்டுமே, ஒவ்வொன்றிலும் இரண்டு மாதச் சம்பள அளவுக்குள் கடன் பெறலாம் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அந்த வரம்புக்குள் நின்றாலும் 2,000 வெள்ளி சம்பளக்காரர் 8,000 வெள்ளிக் கடனாளியாகலாம். என் தங்கை மகன் அப்படித்தான் ஆனான். அவனுக்கு முதல் அட்டை, திருவிழா நாளில் ஓர் ஆலய மண்டப வாசலில் அட்டை முகவர்கள் போட்டிருந்த மேசையில், அன்பளிப்புப் பையோடு கிடைத்தது.

அத்தகைய மேசைகளுக்கு இனி இடம் தராதீர்கள் என்று பணிந்து கேட்கிறேன். அதோடு, மாதம் ஒரு மாலை மண்டபத்தைத் தந்து, இந்தக் கணக்கைத் தமிழில் விளக்க வழிசெய்யுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. கட்ட முடியாதவருக்குத் திருப்பிச் செலுத்தும் திட்டமும் வகுத்துக் கொடுக்கிறது. இது தெரியாமல் வட்டி முதலைகளிடம் போனவர்களை நான் அறிவேன். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கிய மக்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். இந்த அறிக்கையை அவர்களுக்குப் புரியும் மொழியில் யாரும் படித்துக் காட்டவில்லை, அவ்வளவே.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நாளைச் சொல்லுங்கள்; தாளும் பேனாவுமாக நான் வந்து அமர்கிறேன், அறிக்கையோடு வருபவர் ஒருவரே ஆனாலும் சரி.